வெளியீட்டுக்குக் காது உண்டா?

கேள்வி: தென்னந்தோப்பு மோட்டாரின் ரிலேயை இயக்க, ஆர்டுயினோ ஊனோவின் 13-ஆம் பின்னை வெளியீடாக்கி, சி மொழியில் 1 எழுதுகிறேன். அந்த 1 அங்கே இருக்கிறதா என்று அதே பின்னைக் கேட்கலாமா?
– வாசகர், பாலசமுத்திரம்

பதில்: தாராளமாக, ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். ஊனோவில் வீற்றிருக்கும் ஏடிமெகா328பி சில்லில் போர்ட்பி, பின்பி என இரண்டு பதிவேடுகள் உண்டு. முன்னது, தாங்கள் இட்ட ஆக்ஞையின் நகலைத் தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவைப் போல வெகு விநயத்துடன் திருப்பித் தருமேயன்றி, அது நிறைவேறியதா என்ற விசாரமே அதற்குக் கிடையாது. பின்பியோ பின்னில் பிரத்யட்சமாக நிற்கும் மின்னழுத்தத்தைச் சொல்லும். டிரான்சிஸ்டரின் பேஸுக்குத் தடை வைக்கச் சோம்பி நேரே இணைத்து, அதனால் 5 வோல்ட்டுக்கு எழ வேண்டிய பின் ஏறக்குறைய 1 வோல்ட்டிலேயே அமுங்கிக் கிடக்குமானால், போர்ட்பி '1' என்று சத்தியம் செய்யும் அதே க்ஷணத்தில் பின்பி '0' என்று குட்டை உடைத்துவிடும். (அந்தச் சோம்பல் சில்லின் ஆயுளுக்கும் ஹானி; ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்பியரே உச்சவரம்பு.)

13-ஆம் பின் போர்ட் பி-யின் 5-ஆம் பிட் ஆகையால், வினவும் முறை 'பின்பி & (1 << 5)'. எழுதிய மறுகணமே படிப்பதானால் நடுவே ஒரு 'நாப்' கட்டளை இடுக. பின்பியில் மட்டும் 1 எழுதிவிடாதீர்கள். வெளியீட்டு நிலையே தலைகீழாகிவிடும்.

மோட்டார் ஓடுகிறதா என்பதைப் பின்பியும் அறியாது. அதைத் தோப்புக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.