மாமனாரின் மூக்கும் இடது சக்கரமும்

எங்கள் காருக்குப் பின்னால் வரும் கேம்பர் ட்ரெய்லருக்கு டிஸ்க் பிரேக் உண்டு. ஆனால் அதைப் பிடிக்கும் அதிகாரம் காருக்குள் இருக்கும் யாருக்கும் கிடையாது. நான் வேகத்தைக் குறைத்தால், ஒன்றரை டன் எடையுள்ள அது பின்னாலிருந்து வந்து முட்டும். முட்டின வேகத்தில் கப்ளிங் உள்ளே அமுங்கும். கப்ளிங்கில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் போய்க் காலிப்பரை இறுக்கும். என்னை இடித்த பிறகுதான் அதற்கு நிற்கவேண்டும் என்ற நினைப்பே வருகிறது. ரேஷன் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பலருக்கும் இதே பிரேக்தான் இருந்தது.

ஆஸ்திரேலியச் சட்டம் இதை ஒப்புக்கொள்கிறது. மொத்தம் 2,000 கிலோவுக்குள் இருந்தால் இப்படி முட்டி நிற்கலாம். அதற்கு மேல் போனால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும். கொக்கி கழன்று தனியாக ஓடினால் தானே பிடித்து, குறைந்தது 15 நிமிடம் பிடித்தபடி நிற்கிற ஏற்பாடும் வேண்டும். எங்களுடையது முட்டும் ரகம். பழைய வண்டி. விற்றவர் மீன்பிடிப் பிரியர். எந்தக் கடற்கரையாக இருந்தாலும் அலைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துவேன் என்று அதன் பெருமைகளில் ஒன்றாகச் சொன்னார். உப்புத் தண்ணீர் காலிப்பருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவருடைய பெருமைப் பட்டியலில் இல்லை.

கான்பெராவில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் பேட்மன்ஸ் பே. கிங்ஸ் ஹைவேயில் 150 கிலோமீட்டர். பாதிக்கு மேல் மேட்டு நிலத்தில் சுகமாகப் போய், பிரெய்ட்வுட் ஊரைத் தாண்டியதும் கிளைட் மலையில் ரோடு திடீரென்று கீழே இறங்கும். அந்தக் கோடையில் மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். மாமனார் பொள்ளாச்சி டிப்போவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டி ஓட்டி, வளைவுகளோடு பெயர் சொல்லிப் பழகுகிற அளவுக்கு உறவு. இங்கே அவருக்கு முன்சீட்டின் இடது பக்கம் கிடைத்தது. பஸ்ஸில் அது கண்டக்டர் பக்கம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. உட்கார்ந்த விதத்தில் தெரிந்தது.

கிளம்பியதிலிருந்தே பின்னால் ஒரு கீச்சுக்குரல். டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே கத்தக்கூடியதுதான். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது டிஸ்க்கைக் கவ்வும் பட்டைகள் செம்பு. உலோகத்தோடு உலோகம் உரசி, காது கிழியும்படி அலறியதாம். அதற்கு நல்ல பெயர் கிடைக்க 1953 வரை ஆயிற்று. அந்த வருஷம் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்தது. அந்த ஜாகுவாருக்குப் பின்னால் யாரும் அடுப்பையும் கூடாரத்தையும் கட்டி விட்டிருக்கவில்லை.

பிரெய்ட்வுட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாமனார் மூக்கை விடைத்தார். கண்ணாடியை இறக்கினார். இன்னொரு முறை இழுத்தார்.

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டுங்க. லைனிங் காயுது."

எனக்கு ஒரு வாடையும் வரவில்லை. டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. காரில் இருக்கும் அத்தனை எலக்ட்ரானிக்ஸும், சீட் பெல்ட் போடாத தண்ணீர் பாட்டிலுக்குக்கூட மணியடித்துக் கூப்பாடு போடும் அவ்வளவும், பின்னால் ஒரு சக்கரம் வெந்துகொண்டிருந்ததைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஓரங்கட்டினேன். இடது சக்கரத்திலிருந்து நீலப் புகை, அவசரமே இல்லாமல், எழுந்துகொண்டிருந்தது.

பிரேக் ஃபெயிலியர் என்றால் பிரேக் பிடிக்காமல் போவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. கதாநாயகன் பெடலை மிதி மிதியென்று மிதிப்பான், வண்டி நிற்காது. ட்ரெய்லரில் அதைவிட மோசமானது, பிடித்த பிரேக் விடாமல் போவது. பிடிக்காவிட்டால் முதல் சிக்னலிலேயே பின்னால் ஒரு டங்கென்ற இடி சொல்லிக்கொடுத்துவிடும். விடாவிட்டால் ஒன்றும் தெரியாது. முன்னால் இருக்கும் டீசல் எஞ்சின் பலசாலி. ஒரு சக்கரம் முரண்டு பிடிப்பது அதற்கு உறைக்காது, இழுத்துக்கொண்டே போகும். டிஸ்க் காயும், சூடு ஹப்புக்குப் போகும், பேரிங் கிரீஸ் உருகி ஒழுகும், பிறகு சக்கரமே தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

மாமியார் தண்ணீர்க் குடத்தோடு, அதாவது பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேனோடு, இறங்கி வந்தார். மாமனார் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "ஊத்திப்போடாத! காஞ்ச டிஸ்க்குல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுப்போயிரும்." அவர் சொன்னது சரி. சூட்டில் நீலம் பாரித்த டிஸ்க்குக்குக் காற்றும் பொறுமையும்தான் மருந்து. ஹேண்ட்பிரேக்கையும் போடக்கூடாது, கொதிக்கிற டிஸ்க்கைப் பட்டைகள் கவ்விக்கொண்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளக் கூடும். வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டோம். கேன் தண்ணீர் கைகழுவப் போயிற்று; புளிசாதம் வெளியே வந்தது.

ஆறியதும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. அடுத்து அவர் செய்ததைப் பார்த்து அசந்துபோனேன். காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளை அரைச்சுற்றுத் தளர்த்தினார். கருத்த எண்ணெய் நாலு சொட்டு வந்தது. சக்கரத்தை மறுபடி சுற்றினார். அப்போதும் அசையவில்லை.

"எண்ணெய் அழுத்தம் உள்ள நின்னிருந்தா இப்ப விட்டிருக்கோணும். உடல. அப்ப ஓஸ் மேலயும் குத்தமில்ல, சிலிண்டர் மேலயும் குத்தமில்ல. காலிப்பர்லதான் எங்கியோ இரும்பு இரும்பப் புடிச்சிருக்குது."

ரப்பர் ஓஸ் உள்ளே உப்பிக்கொண்டால் எண்ணெயைப் போகவிடும், திரும்ப விடாது. அதுதான் வழக்கமான சந்தேகப் பேர்வழி. நாலே சொட்டில் அதை விடுதலை செய்துவிட்டார். ஏர் பிரேக் பஸ்ஸிலேயே வாழ்ந்த மனிதருக்கு இந்த எண்ணெய் ஏற்பாட்டின் மேல் மரியாதையே வரவில்லை. பஸ்ஸில் காற்று போனால் ஸ்பிரிங் வந்து பிரேக்கைப் பிடித்து வண்டியை நிறுத்திவிடும். இதில் எண்ணெய் போனால் பிரேக்கும் கூடவே போய்விடும். "இத எவன் டிசைன் பண்ணான்?" என்று என்னைக் கேட்டார், நான் இந்த நாட்டில் பத்திரம் எழுதிக் குடியேறியவன் என்ற முறையில்.

சாலை உதவிக்கு ஃபோன் போட்டேன். வண்டி ஓடுமா என்றார் அந்தப் பெண். கார் ஓடும், ட்ரெய்லர் ஓடாது என்றேன். அப்படியானால் உங்கள் வாகனத்துக்குப் பழுதில்லை என்றார். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவெண், ஆகவே அது தனி வாகனம், அதற்குத் தனிச் சந்தா. கார் கெட்டுப்போயிருந்தால் ட்ரெய்லரையும் சேர்த்து இழுத்துப் போயிருப்பார்களாம். நல்லபடியாக ஓடுகிற காரை வைத்துக்கொண்டு இந்த உலகத்தில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கடைசியில் பணம் கட்டி ஒரு சாய்தள லாரி வந்தது. அதோடு வந்த மெக்கானிக் எழுபதை நெருங்கியவர், அரைக்கால் சட்டை, கனத்த பூட்ஸ். மாமனாருக்கு அவர் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது. இருவரும் பட்டறையில் காலிப்பருக்கு இரண்டு பக்கமும் குந்தினார்கள். இவர் ஸ்லைடு பின்னைக் காட்டினார். அவர் தலையாட்டினார். அவர் உள்பக்கப் பட்டையைக் காட்டினார். இரும்புத் தகடு தெரியத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பட்டை கல்யாணத்துக்குத் தயாராக இருந்தது. இவர் உச்சுக்கொட்டினார். காலிப்பர் தன் பின்மேல் நகர்ந்து கொடுத்தால்தான் இரண்டு பட்டையும் சமமாகக் கவ்வும், சமமாக விடும். பின் துருவில் இறுகிவிட்டால் உள்பட்டை மட்டும் மாட்டிக்கொண்டு சாகும். ஒரு மணி நேரம் சுத்தியலும் துரு எண்ணெயுமாக இரண்டு கிழவர்களும் ஒரு சொல் கூடப் பொதுவில் இல்லாமல் அத்தனை சந்தோஷமாக இருந்தார்கள். மொழிபெயர்க்கலாம் என்று போன என்னை விளக்கைப் பிடிக்கச் சொன்னார்கள், இரண்டு மொழியிலும்.

புதுப் பின், புதுப் பட்டை, புது கிரீஸ். எண்ணெயையும் மாற்றினார்கள். பிரேக் எண்ணெய் சும்மா இருந்தாலே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். டாட் 4 புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கவேண்டும்; ஈரம் ஏறிப்போனால் 155 டிகிரி தாங்கினாலே தரம் சரி என்று ஒப்புக்கொள்கிறார்கள். கொதித்தால் குழாயில் ஆவி. ஆவி அமுங்கிக் கொடுக்கும், அழுத்தத்தைக் கடத்தாது. அப்போதுதான் சினிமா ஃபெயிலியர்.

பட்டறையில் ஒரு அகச்சிவப்புத் தெர்மாமீட்டரும் வாங்கினேன். துப்பாக்கி மாதிரி நீட்டினால் ஹப்பின் சூட்டைச் சொல்லும். மாமனார் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, புறங்கையை ஹப்புக்கு அருகில் கொண்டுபோனார். "வலதும் இடதும் ஒரே சூடு இருக்குதான்னு பாத்தாப் போதுமுங்க மாப்ள. இதுக்கு எதுக்கு துப்பாக்கி?" ட்ரெய்லர் பற்றி நான் படித்த அத்தனை கையேடுகளையும்விட இது உருப்படியான யோசனை. நிற்கிற இடத்திலெல்லாம் செய்கிறேன். துப்பாக்கி தோசைக்கல்லின் சூடு பார்க்கப் பயன்படுகிறது.

மலை இறங்கும்போதுதான் எங்களுக்குள் கொள்கைச் சண்டை. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு என்பது மலைப்பாதை டிரைவர்களின் வேதம். காருக்கு அது முழுக்கச் சரி. ஆனால் நான் கியரில் காரை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, ட்ரெய்லர் வந்து முட்டிக்கொண்டே இருக்கும். முட்டினால் அதன் பிரேக் பிடிக்கும். இறக்கம் முழுக்க விடாது. ஒன்றரை டன் 500 மீட்டர் கீழே இறங்கினால் வெளிப்படும் சக்தி, சூடாக மாறினால், 20 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அதில் எவ்வளவு பங்கு இரண்டு சின்னத் தகடுகள் தலையில் விழுகிறது என்பதுதான் கவலை. மாமனார் யோசித்தார். "அப்ப ரெண்டாவது கியரப் போட்டு மெதுவா உருட்டுங்க. இடம் கெடச்சா நிறுத்தி ஆறவிட்டு எறங்கலாம்." வேதத்துக்கு உரை எழுதிவிட்டார்.

உருட்டினேன். வளைவொன்றில் பாறைக் குடைவுக்குள் பயணிகள் வைத்துவிட்டுப் போன கரடி பொம்மைகள்; பூ கரடியின் மூலை என்று பெயர். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன சாமி கண்ணு இது?"

"கரடிம்மா," என்றாள் மனைவி.

"கரடி ரூபத்துல இருக்குதா," என்று மறுபடி கும்பிட்டார்.

எங்களுக்குப் பின்னால் கான்பெராவே திரண்டு வந்துகொண்டிருந்தது. முதலில் ஹெட்லைட், அப்புறம் ஹாரன். மாமனார் இடது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வாங்க வாங்க என்று வீசினார்.

"அப்பா, கைய உள்ள எடுங்க! இங்க ஃபைன் போட்டிருவாங்க."

"சைடு குடுக்கறேன் கண்ணு."

"ஏறி வர்றதுக்கு இடமே இல்லீங்கப்பா. ரெட்டைக் கோடு."

மாமனார் கண்ணாடியில் அந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். கையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"அப்ப அவுங்களுக்கும் ரெண்டாவது கியருதான். நல்லதுதானுங்க மாப்ள, அவுங்க பிரேக்கும் காயாது."