அஞ்சு கோடி முதலாளிக்கு

ஏல மக்கா, 15 லட்சத்துக்கு நூத்துக்கு 3 பங்குன்னா முழு நூறுக்கும் எம்புட்டு? போனை எடுக்காத, திண்ணையில இருந்தே நான் போட்டுட்டேன். 5 கோடி. உங்க ஆச்சி முறுக்கு டின் வச்சிருந்த அலமாரியில இப்போ வயரும் போர்டுமாக் கிடக்கே, அந்தக் கம்பெனிக்கு விலை 5 கோடி. வெளிய சொல்லித் தொலைச்சிராத. உங்க அத்தை சீதனப் பாக்கி கேட்டு நாளைக்கே வந்து நிப்பா.

நீ வெவரம் சொன்னப்போ நான் கண்ண மூடிட்டுத்தான் கிடந்தேன், காத மூடல. சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறைக்குக் கீழ ஸ்டார்ட்அப் டிஎன்னு சர்க்காரு ஒரு இயக்கம் வச்சிருக்காவ. டான்சீட்னு ஒரு விதைப் பணம் குடுக்காவ. பொதுவா 10 லட்சம். பசுமைத் தொழிலு, கிராமத்துப் பொழப்பு, பொம்பளையாளு தலைமையில நடக்குத கம்பெனின்னா 15. பதிலுக்கு 3 சதவீதப் பங்கு. கருப்பட்டியில சீனி கலந்திருக்கான்னு கண்டுபிடிக்குத பெட்டி செய்யுத, அது கிராமத்துப் பொழப்பு, அதனால 15 கேக்கப் போற. வேலைய விட்ட அன்னைக்கு இல்லாத புத்தி மனு எழுதும்போது வந்திருக்கு, நல்லது.

ஆனா அந்த 5 கோடிய நம்பிராத. அது உன்னைய எடை போட்டுச் சொன்ன விலை இல்ல. எவன் தேறி வந்தாலும் அதே 3 சதவீதந்தான். நாளைக்கு ஒரு பணக்கார முதலீட்டாளன் வந்தாம்னா பெட்டியக் கழட்டிப் பாப்பான், உன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், 3க்குப் பதிலா 30 கேப்பான். சர்க்காரு பேரம் பேசல. நம்ம வம்சத்துல இம்புட்டு நல்ல பங்காளி ஒருத்தன் கிடையாது. வரப்ப வெட்ட மாட்டான், கல்யாண வீட்டுல முறுக்கிக்கிட்டு நிக்க மாட்டான். கணக்கு மட்டுந்தான் கேப்பான்.

அந்தக் கணக்குலதான் எனக்கு ருசி. நம்ம வீட்டுல கணக்குன்னா காலண்டருக்குப் பின்னால சொருகின சீட்டு. உங்க அப்பன் உரக்கடை வச்சு ஏன் மூடினான்னு இன்னைக்கு வரைக்கும் அவனுக்கே தெரியாது. இப்போ நீ கம்பெனி பதியணும், டெல்லியில தொழில் துறையான டிபிஐஐடிகிட்ட அங்கீகாரம் வாங்கணும், பதிஞ்ச முகவரி தமிழ்நாட்டுல இருக்கணும், ஆடிட்டர் கையெழுத்து வேணும். இந்தக் குடும்பத்துல ஒருத்தனை வரவு செலவு எழுத வச்ச பாவத்துக்கே ஸ்டார்ட்அப் டிஎன் ஆபீசு இருக்குத தெசையப் பாத்து நான் கும்பிடணும்.

எங்க காலத்துல சர்க்காரு தொழிலுக்கு உதவுதுன்னா கடனு, இல்லைன்னா ஷெட்டு. கடன் குடுக்க 1949ல டிஐஐசி வந்துச்சு, ஷெட்டுக்கு 1958ல கிண்டியில தொழிற்பேட்டை வந்துச்சு. லேத்து மிசின ஈடு வச்சிக் கடன் வாங்கினவனுக்கு ராத்திரி கண் மூடாது. வட்டி நெனப்புலயே கோழி கூவுததுக்கு முன்ன பட்டறையத் திறப்பான். உனக்குப் பங்குப் பணம். தொழில் கவுந்தா ஜப்தி கிடையாது, வாசல்ல தண்டோரா கிடையாது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. ஆனா நீ காலையில 9 மணி வரைக்கும் தூங்குத தூக்கத்தப் பாத்தா, கொஞ்சூண்டு கடனும் சேத்துக் குடுத்திருக்கலாமோன்னு தோணுது.

இதுல நான் கேலி பண்ணாத விசயம் ஒண்ணு இருக்கு. ஈடு காட்டக் காணி பூமி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு பேங்கு வாசல்ல என்ன மரியாதைன்னு இந்தக் கண்ணு பாத்திருக்கு. பட்டியல் சாதி, பழங்குடியினப் பிள்ளைய தொடங்குத கம்பெனிகளுக்குன்னு 2022-23ல 30 கோடி தனியா ஒதுக்கினாவ. மறுவருசம் 50 கோடியாக்கினாவ. அதையும் கடனாக் குடுக்கல, பங்கு முதலீடாப் போடுதாவ. அந்த வேலைக்குத்தான்லே சர்க்காருன்னு ஒண்ணு வேணும். அப்பன் பேருல 4 ஏக்கர வச்சிக்கிட்டு ‘நான் சுயமா மேல வந்தவன்’னு மேடையில பேசப் போற உனக்கு இது விளங்க நாளாவும்.

மேடைன்னதும் ஞாபகம் வருது. நீ என்ன செய்யணும்னா, ஒரு கூட்டத்தையும் விடாத. 2025 அக்டோபர்ல கோயமுத்தூர் கொடிசியாவுல உலகப் புத்தொழில் மாநாடு கூட்டினாவல்லா, அது மாதிரி எது நடந்தாலும் முத ஆளாப் போ. சட்டையில கம்பெனிப் பேர அச்சடி. கழுத்துல அட்டையத் தொங்கவிடு, பேருக்குக் கீழ ‘நிறுவனர்’னு பெருசாப் போடு. எதுத்தாப்புல வாரவன் கார்டு குடுப்பான், நீயும் ஒண்ணு குடு. அவனும் விக்க வந்தவன், நீயும் விக்க வந்தவன். ரெண்டு பேருமாச் சேந்து போட்டோ எடுத்துட்டு, வயிறாரத் தின்னுட்டு வந்துருங்க.

சர்க்காருக்கு அதுல லாபம் இருக்கு, சும்மா சொல்லக் கூடாது. 2018ல புத்தொழில்ல மாநிலங்களத் தரம் பிரிச்சு டெல்லி போட்ட பட்டியல்ல நாம கடைசிக்கு முந்தின படியில கிடந்தோம். 2022க்கான பட்டியல்ல குஜராத்து, கர்நாடகா, கேரளாவோட மேல்படியில ஏறி உக்காந்தாச்சு. 2032க்குள்ள உலகத்துல முதல் 20 இடத்துல வந்துருவோம்னு 2023 கொள்கையில எழுதியும் வச்சாச்சு. மதுரை, திருநெல்வேலி, ஈரோடுன்னு வட்டார மையமும் தொறந்தாவ. சென்னைக்கு ராத்திரி பஸ்ஸுல இடுப்பொடியப் போக வேண்டாம்ங்குததே பாதி உதவி. ஆக, சர்க்காரு ஏறிட்டு. நீ எப்போலே ஏறப் போற?

கேரளத்துல இதே மாதிரி ஸ்டார்ட்அப் மிஷன் 2006லயே வந்துட்டு. இன்ஜினியரிங் படிச்ச பையனுவ கொஞ்சப் பேரு பாதாளச் சாக்கடையில மனுசன் இறங்காம மிசின் இறங்கட்டும்னு ஒரு ரோபோ செஞ்சானுவ. பண்டிக்கூட்னு பேரு. மிஷன் கை குடுத்துச்சு, வாஸ்தவம். ஆனா அது ஊர் ஊராப் போனது வாங்க ஆள் இருந்ததால. நம்ம கும்பகோணத்துக்கே 2018ல வந்து இறங்கிச்சு. நகராட்சிக்குக் குழி இருக்கு, குழிக்கு மிசின் வேணும். உன் பெட்டி யாருக்குலே வேணும்?

கோவிக்காம யோசி. பனையேறிக்கு வேண்டாம், அவன் காய்ச்சினது அவனுக்குத் தெரியும். சீனி கலக்குத வியாபாரிக்குக் கண்டிப்பா வேண்டாம், கண்டா ஒடச்சிப் போடுவான். கடையில வில்லை வாங்கிக் காப்பி போடுதவன் பெட்டிக்கும் சேத்துக் காசு குடுப்பானா? உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிட்டு. பேரு வந்த சரக்குக்குத்தான் போலியும் வரும். அந்தப் பேரக் காப்பாத்த வேண்டியவன் எவன்? மொத்தமாக் கொள்முதல் பண்ணுத சங்கம், வெளிநாட்டுக்கு அனுப்புதவன், உணவுப் பாதுகாப்பு அதிகாரி. இந்த மூணு வாசல்ல ஒண்ணுல காசு வாங்கிட்டு வா. ஸ்டார்ட்அப் டிஎன் ஆபீசுக்குப் போனா ‘15 லட்சம் குடுங்க’ன்னு ஆரம்பிக்காத, ‘உணவுப் பாதுகாப்புத் துறையில யாரப் பாக்கணும், கூட்டிட்டுப் போவியளா’ன்னு கேளு. பணம் தீந்துரும். அவிய தொறந்து விடுத கதவுக்குத்தான் மதிப்பு.

இன்னொண்ணு. போன வாரம் உன் பெட்டி நல்ல கருப்பட்டியப் போலின்னு சொல்லிச்சே, என்னத்துக்குன்னு பாத்தியா? நான் ஒடச்சிப் பாத்தேன். சீனி கலந்திருந்தா ஒடஞ்ச வாயில மினுமினுன்னு இருக்கும், இது மங்கலா, கருஞ்செவப்பா இருந்துச்சு. நாக்குல வச்சா ஓரத்துல ஒரு சுருக்கு. கலயத்துல சுண்ணாம்பு கூடிப்போன பதனீர்ல காய்ச்சினது, அம்புட்டுத்தான். நீ பெட்டிக்குப் படிச்சுக் குடுத்ததெல்லாம் ஒரே விளைக்காரன் சரக்கு, ஒரே மாசத்துச் சரக்கு. பங்குனிப் பதனீருக்கும் ஆனிப் பதனீருக்கும் வித்தியாசம் இருக்குன்னு எந்த வழிகாட்டி வந்து உனக்குச் சொல்லுவான்?

அதனால நாளைக்கு விடியக்காலம் நாம ரெண்டு பேரும் உடன்குடிக்கு பஸ் ஏறுதோம். பெட்டியத் துணியில சுத்தி எடுத்துக்க. பேரு அச்சடிச்ச அந்தச் சட்டையப் போடாத, பனங்காட்டுக்காரன் கட்சிக்காரன்னு நெனச்சி ஒதுங்கிருவான். ஒவ்வொரு விளையிலயும் ஒரு வில்லை வாங்கு, என்னைக்குக் காய்ச்சினது, எம்புட்டுச் சுண்ணாம்பு போட்டதுன்னு கேட்டு எழுது. ஓசியில வாங்காத, காசு குடு. எனக்கு பஸ் டிக்கெட்டு நீதான் எடுக்கணும், அதையும் கம்பெனிச் செலவுல ஏத்து. ஆடிட்டர் கேட்டார்னா ஆலோசகர்னு சொல்லு.