கடல் சுற்றிக் கோவா

முளா, பவனா என்று பக்கத்திலேயே இரண்டு ஆறுகள் ஓடினாலும், புணே பக்கத்துச் சாங்விக்காரர் கப்பலேற மும்பைக்குத்தான் போகவேண்டும். ராத்திரி பஸ் பிடித்தால் காலையில் கோவா. அவரோ எதிர்த்திசையில் மும்பை போய், 2021 முதல் ஓடும் கோர்டீலியா கப்பலில் அதே கோவாவுக்குக் கிளம்புகிறார். சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனாலும் தனிக்காசு கேட்கும் உணவகத்தில்தான் மேஜை பிடிக்கிறார். ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட பனீருக்கு ருசி குறைவு போலும்! கரையில் ஊர் சுற்றவும் கப்பல்காரரிடமே சீட்டு. ‘அவர்கள் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்குமே’ என்பார்கள். வாஸ்தவம், தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது. அறியாத தூரதேசத்தில் அந்தப் பயத்துக்குக் காசு கொடுப்பது நியாயம். கோவாவில் கப்பலைத் தவறவிட்டால் புணேவுக்கு ராத்திரி பஸ் இருக்கிறது. பெட்டியை மட்டும் மும்பையில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.