ஒன்றுக்கு ஐம்பது அண்ணாச்சி

ஆடாமல் அசையாமல் நிற்பவரைக் குத்துக்கல் என்று எந்த ஊரிலும் சொல்வார்கள். குத்துக்கல்வலசை பஸ் நிறுத்தத்தில் அப்படிச் சொன்னால் அது அண்ணாச்சியைத்தான் குறிக்கும். காலை எட்டு மணிக்கு வந்து நிற்பார். பஸ் வரும். அதன் முகம், முதுகு, விலா எல்லாவற்றையும் செல்போனில் பிடிப்பார். பிறகு ஒரு காலைப் படியில் வைத்து, உள்ளே ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருப்பதையும் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவார்.

"ஏறுதியளா இல்லியா?" என்று கண்டக்டர் கேட்டால், "நீங்க போங்க, எனக்கு எழுத்து மட்டும் போதும்" என்பார்.

சன்போர்டு அட்டையை வெட்டி ஒட்டி, பஸ்ஸைக் கையகலத்தில் செய்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். இப்போது பல ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1997-இல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அண்ணாச்சி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் மட்டும் கட்டபொம்மன் இன்னும் நெல்லைக்கும் தென்காசிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அவர் கணக்கு ஒன்றுக்கு ஐம்பது. 12 மீட்டர் பஸ் 24 சென்டிமீட்டர் ஆகும். இந்தக் கணக்கு பஸ்ஸோடு நின்றிருந்தால் மதினிக்குக் கவலையில்லை. இலையில் விழுந்த தோசையைப் பார்த்து, "இது 15 மீட்டர்தான் இருக்கும், இதுல பஸ்ஸு திரும்பாது" என்கிறார். போன மாசம் தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். 180 அடிக் கோபுரத்தை ஐம்பதால் வகுத்தால் மூன்றரை அடிதானே என்று அவர் முணுமுணுத்ததிலிருந்து மதினி பூஜை அறையைப் பூட்டி வைக்கிறாள்.

பஸ் செய்வது பெரிய காரியமில்லை என்பார். அதில் எழுதுவதுதான் காரியம். நிஜ வண்டியில் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ‘தென்காசி’ என்று எழுதியிருந்தால், இவர் வண்டியில் அது 2 மில்லிமீட்டர். ரேடியம் ஸ்டிக்கர் கடைக்காரரிடம் கேட்டார். "அண்ணாச்சி, அரை இஞ்சுக்குக் கீழ வெட்டினா மிஷினு அழுதுரும்" என்று அவர் கும்பிட்டார்.

ஆகவே டீக்கால். பபிள்கம்மோடு வந்த படத்தை நனைத்துக் கையில் ஒட்டியிருப்போமே, அதன் ஒன்றுவிட்ட அண்ணன் இது. பழைய சிங்கர் தையல் மிஷின் உடம்பில் தங்க நிறத்தில் பூவும் கொடியும் ஏறியதும் இதே வித்தையால்தான். தாளின் மேல் ஒரு பசைப் பூச்சு, பசையின் மேல் மெல்லிய படலம், படலத்தின் மேல் அச்சு. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டால் பசை இளகும்; படலம் மட்டும் வழுக்கிக்கொண்டு வண்டி மேல் வந்து உட்காரும்.

எழுத இவ்வளவு சுலபம். வீட்டில் இருக்கும் இங்க்ஜெட்டில் அச்சடித்தால், தண்ணீர் பட்டதும் மை கலங்கிவிடும். முதலில் வார்னிஷ் அடித்துக் காப்பாற்ற வேண்டும். லேசர் மை தண்ணீருக்கு அசையாது. ஆனால் அந்த மெஷினுக்குள் சூடு ஏறக்குறைய 200 டிகிரி. இங்க்ஜெட்டுக்கான தாளை அதில் விட்டால் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். ஊர் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அண்ணாச்சி தலை தெரிந்தால் அவர் கரண்ட் இல்லை என்கிறார். பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாதாரணப் பிரிண்டர் எதுவும் வெள்ளை அடிப்பதில்லை என்பது இன்னொரு துக்கம். தாள்தானே வெள்ளை என்று அது சும்மா இருந்துவிடும். ஜப்பானில் ஆல்ப்ஸ் என்றொரு கம்பெனி வெள்ளையும் அடிக்கிற பிரிண்டர் செய்து, பிறகு நிறுத்திவிட்டது. அண்ணாச்சி அதைப் பற்றிப் பேசும்போது, செத்துப்போன பெரியப்பாவைப் பற்றிப் பேசுகிற குரல் வரும். நீல வண்டியில் வெள்ளை எழுத்து வேண்டுமானால், வெள்ளை டீக்கால் தாளில் எழுத்தைச் சுற்றியுள்ள நீலத்தை அச்சடிக்க வேண்டும். அந்த நீலம் வண்டியின் பெயிண்ட் நீலத்தோடு சேர வேண்டும். சம்பந்திகள் சேர்வதற்கு அதைவிடச் சீக்கிரம் ஆகும்.

ஆனி, ஆடியில் ஊரே சாரலுக்கு ஏங்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று சென்னையிலிருந்தெல்லாம் போன் வரும். சாரலைத் திட்டுகிற ஒரே ஆத்மா இவர்தான். ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால், காய்கிறபோது மேற்பரப்பு குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். படலம் வெள்ளையாகப் பூத்துவிடும். வேண்டும்போது கிடைக்காத வெள்ளை, வேண்டாதபோது தானாக வரும். அந்த நாட்களில் மகளின் ஹேர் டிரையர் பஸ்ஸுக்குப் போகும்; மகள் ஈரத்தலையோடு காலேஜுக்குப் போவாள். ஊறுகாய்க்கு வாங்கிய வினிகரும் இவரிடம்தான் இருக்கும். அதை இரண்டு சொட்டு தடவினால் டீக்கால் இளகி, ஆணி மேடு பள்ளத்தோடு படிந்துகொள்ளும்.

2023-இல் புதுப்பித்த அரசு பஸ்களுக்கு மஞ்சள் நிறம் வந்தபோது ஊர் வேடிக்கை பார்த்தது. இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அலமாரியில் இருந்த பதினோரு வண்டியும் ஒரே இரவில் பழசாகிவிட்டன.

போன வாரம் போயிருந்தேன். பிளேடும் பூதக்கண்ணாடியுமாக வண்டியின் முகத்தில் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கெட்டுப்போச்சா?"

"எனக்குக் கெடல தம்பி. எட்டு மணி வண்டி போர்டுல ‘ன்’ மேல இருந்த புள்ளி மழையில போயிட்டு. இப்ப அது ‘தெனகாசி’. நம்ம வண்டியில மட்டும் புள்ளி இருந்தா பொய்யில்லா?"

அந்தப் புள்ளி அவர் கணக்கில் மூன்று பொட்டு மை. சுரண்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று.

நேற்று மதினி போன் பண்ணினாள். டிப்போவில் போர்டைத் திருத்திவிட்டார்களாம். "பிரிண்டரு கெட்டுப்போச்சு போல தம்பி, வந்து பாருங்க. ஒரு தாளு பூரா எறும்பு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா வருது."

பின்னால் அண்ணாச்சி குரல் கேட்டது: "கெடல, கெடல! இருக்கட்டும். மழைக்காலம் வருதுல்லா."