துறைமுகத்துத் துரைசாணி

கணவரின் போர்க்கப்பல் புறப்படுகிறதென்று திருகோணமலையின் கிழக்குக் கரையில் நின்று கைக்குட்டை ஆட்டுகிற வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டால், அவள் ஊருக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று உள்ளூர்க்காரர் சொல்லிவிடுவார்கள். அந்தப் பக்கம் இருப்பது திறந்த கடல். அவளுடைய கையசைப்பைப் பெற்றுக்கொள்வது மீன்பிடி வள்ளத்தில் இருக்கும் நாலு பேர்தான். கப்பல் நிற்பது ஊருக்கு மறுபக்கம், குன்றுகள் வளைத்துக்கொண்ட உட்துறைமுகத்தில். ஒரு கடற்படையையே எதிரியின் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கலாம் என்றுதான் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் இந்த இடத்துக்கு அடித்துக்கொண்டார்கள். எதிரிக்குத் தெரியாதது மனைவிக்கும் தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

1795இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர், 1957 அக்டோபரில் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். இந்த 162 ஆண்டுகளில் அட்மிரல்கள் எத்தனையோ பேர் மாறினார்கள். துரைசாணி மட்டும் மாறவே இல்லை. தொப்பியின் அகலமும் பாவாடையின் நீளமும்தான் மாறின.

கடைசிப் பத்தாண்டுத் துரைசாணியின் ஒரு நாளைப் பார்ப்போம். அதிகாலையிலேயே எழுந்துவிடுகிறாள். சுறுசுறுப்பு காரணமல்ல, வலைக்குள் புகுந்துவிட்ட ஒற்றை நுளம்பு. போர்க்காலத்தில் இங்கிருந்தவர்கள் மலேரியாவுக்குப் பயந்து மெபக்ரின் மாத்திரை விழுங்கி, தோல் மஞ்சளாகி, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர்கள் போல நடமாடினார்கள். 1946இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கியபின் அந்த அலங்காரம் தேவைப்படவில்லை. நுளம்பின் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

எழுந்ததும், “அப்பூ!” என்று ஒரு கூப்பாடு. தலைமைச் சமையற்காரனை அப்பு என்று அழைக்க வேண்டும் என்று கொழும்பில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்புக்கு அது சரி. திருகோணமலைத் தமிழ்க் காதில் அப்பு என்றால் தாத்தா. இருபத்தைந்து வயதுப் பையனை ஒரு வெள்ளைக்காரி நாள் முழுக்கத் தாத்தா, தாத்தா என்று கூப்பிடுவதை ஆயா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் வாங்கும் சம்பளத்தில் பாதி இதற்குத்தான்.

காலை ஒன்பது மணிக்கே அனல் அடிக்கிறது. ஏன் இப்படி என்று சைகையால் கேட்கிறாள். “கச்சான், அம்மா” என்கிறாள் ஆயா. வைகாசி, ஆனியில் தென்மேற்கிலிருந்து வீசுகிற காய்ந்த காற்றுக்கு இங்கே கச்சான் என்று பெயர். அன்று மாலை கடைத்தெருவில் ஒருத்தி கூவி விற்கிற வறுத்த நிலக்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த துரைசாணி, இந்த ஊர் வெப்பத்துக்குக் கடலைதான் காரணம் என்று தாய்க்குக் கடிதம் எழுதிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். உடம்பெல்லாம் வியர்வை வழிய, ஊருக்கு வெளியே மைல் கணக்கில் போய், ஏழு கிணற்றிலும் வாளி வாளியாகச் சுடுநீர் அள்ளி ஊற்றிக்கொண்டு திரும்புகிறாள். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று நம்பி, சனங்கள் அந்தியேட்டிக்குப் போகும் இடம் அது. ஈரத் தலையோடு வருகிறவளைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவி, யார் செத்தது என்று ஆயாவிடம் இரகசியமாக விசாரிக்கிறாள்.

ஆனாலும் இந்த வர்க்கத்தை எடுத்த எடுப்பில் கேலி செய்து தள்ளிவிட முடியாது. 1810இல் மரியா கிரஹாம் என்றொருத்தி இங்கே வந்தாள். கடற்படை அதிகாரியின் மகள். கடற்படை லெப்டினன்ட் ஒருவருக்கு முந்தைய ஆண்டுதான் மனைவியானவள். வந்த இடத்தில் வெயிலைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. இந்தத் துறைமுகம் ஸ்கொட்லாந்தின் கட்ரின் ஏரியைப் பூத வடிவில் பெருக்கியது போல இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதினாள். அந்தக் குறிப்புகள் 1812இல் புத்தகமாயின. பின்னால் 1822இல், தென்னமெரிக்காவின் முனையருகே கப்பலிலேயே கணவர் இறந்தார். ஊர் திரும்பாமல் சிலியில் தங்கினாள். அவ்வருட நவம்பரில் வந்த பூகம்பத்தில் கரை உயர்ந்ததைக் கவனித்து எழுதியனுப்ப, இலண்டன் புவியியல் சங்கத்துப் பெரியவர்கள் அதை வைத்துப் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள்.

திருகோணமலைக் கல்லறையில் கிடக்கிற ரியர் அட்மிரல் சார்ல்ஸ் ஒஸ்டினின் வீட்டுக் கதை இன்னொன்று. 1852இல் பர்மாவில் நோயுற்று இறந்த இவர், நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. இவருடைய முதல் மனைவி ஃபானி, ‘நாமூர்’ என்ற போர்க்கப்பலிலேயே பிள்ளைகளோடு குடித்தனம் நடத்தியவள். 1814இல் நாலாவது பிரசவத்துக்குப் பின் அந்தக் கப்பலிலேயே இறந்தாள். நாத்தனார் எழுதிய ‘பெர்சுவேஷன்’ நாவலில் மிசஸ் குரொஃப்ட் என்று ஓர் அட்மிரல் மனைவி வருவாள். கணவரோடு கிழக்கிந்தியக் கடல்வரை வந்து போனவள். கப்பலில் இருந்தவரை ஒரு நோயும் அண்டவில்லையாம்; கரையில் தனியாக விடப்பட்ட ஒரே குளிர்காலத்தில்தான் இல்லாத நோயெல்லாம் வந்ததாம்.

நம் 1950களின் துரைசாணிக்குக் கப்பலில் குடியிருக்க அனுமதி கிடையாது. பார்க்கப் போகலாம். அதற்கு ஒரு நாள் குறிப்பார்கள். அன்று வீடு அமளிப்படும். கையுறை எங்கே, தொப்பி எங்கே, கப்டன் மனைவி நீலம் உடுத்தினால் நாம் நீலம் உடுத்தலாமா? ஏனென்றால் கணவரின் தோளில் இருக்கிற தங்கப் பட்டிகளின் எண்ணிக்கை மனைவியின் குரலில் கேட்கும். இரண்டு பட்டிக்காரர் மனைவி சொல்லும் நகைச்சுவைக்கு மூன்று பட்டிக்காரர் மனைவி புன்னகைப்பாள். நாலு பட்டிக்காரர் மனைவி சொன்னால் எல்லாருக்கும் வயிறு வலிக்கும்.

டொக்யார்ட் இறங்குதுறையில் படகு. படகில் ஏறும்போதே தொப்பி ஒரு தடவை துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது. கப்பலின் பக்கவாட்டுப் படியில் ஏறினால், தேய்த்துத் தேய்த்துப் பாலாடை நிறத்துக்கு வந்த மரத்தளம். அவளுடைய கூர்க்குதிச் செருப்பைப் பார்த்த மாலுமியின் முகம், புது மெழுகுத் தரையில் மாட்டைக் கண்டவன் முகமாகிறது. கீழ்த்தளத்துக்கு இறங்குவது ஏணியில். படியைப் பார்த்து, முதுகைக் காட்டி இறங்க வேண்டும். வீட்டு மாடிப்படி போல முன்னுக்குப் பார்த்து இறங்கியவள், மூன்றாவது படியில் தவறை உணர்ந்து, நாலாவது படியில் கப்பலின் மருத்துவரைச் சந்திக்கிறாள்.

பிறகுதான் உண்மையான அதிர்ச்சி. வீட்டில் தன் காலுறையைத் தானே கண்டுபிடிக்கத் தெரியாத மனிதரின் அறை, முருகன் கோயில் மடைப்பள்ளி போலத் துலங்குகிறது. கைக்குட்டைகள் அடுக்கடுக்காக, சப்பாத்து முகம் பார்க்கலாம் போல. ஒரு கணம் கணவர்மேல் மரியாதை வந்துவிடுகிறது. அப்போது கோவாக்காரப் பணியாள் தட்டோடு உள்ளே வருகிறான். துரைக்குத் தேநீரில் எத்தனை கரண்டி சீனி, எந்தத் தலையணை, என்ன பேச்சுக்குக் கோபம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. “துரைக்கு இஞ்சி பிஸ்கட் ஒத்துக்கொள்ளாது, மேடம்” என்று பணிவாகச் சொல்கிறான். இரண்டு வருடமாக இஞ்சி பிஸ்கட் சுட்டுக் கொடுத்தவள் அவள்.

கைக்குழந்தைக்காரி என்றால் கப்பலிலேயே ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம். கப்பல் மணியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதில் தண்ணீர் ஊற்றி, பிள்ளைக்குப் பெயரிட்டு, அந்தப் பெயரை மணியின் உட்புறத்தில் செதுக்குவது ஆங்கிலக் கடற்படை வழக்கம். கப்பலை விற்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. ‘சிலோன்’ என்றே பெயர் சூட்டிய குரூசர் ஒன்று 1944இல் இங்கிருந்துதான் சபாங் துறைமுகத்தைத் தாக்கப் போனது. 1959இல் அதைப் பெருவுக்கு விற்றுவிட்டார்கள்.

மாலையில் ஆயா அவளைச் சுவாமி மலைக்கு அழைத்துப் போகிறாள். கோணேசர் சந்நிதியருகே ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்று. ஃபிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண், தன்னை விட்டுவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடி 1687இல் இங்கிருந்து கடலில் குதித்தாள் என்பது ஊர்க்கதை. துரைசாணிக்குக் கண் கலங்குகிறது. பழைய ஏடுகளைப் புரட்டியவர்களோ, அந்தப் பெண் அதன் பிறகும் உயிரோடிருந்து மறுமணம் செய்துகொண்டாள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே பார்க்கிறாள். துறைமுக வாயைத் தாண்டி ஒரு சாம்பல் நிறக் கப்பல் திறந்த கடலுக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தத் தடவை சரியான கடல்தான். கைக்குட்டையை எடுத்து ஆட்டுகிறாள்.

“அம்மா, அது அரிசிக் கப்பல்” என்கிறாள் ஆயா.