தையல் பைத் துண்டுகள்: தோற்றமும் பரவலும் குறித்து ஓர் ஆய்வு

ஜாக்கெட் வெட்டும்போது தரையில் விழுவது குப்பை. அதையே ஒருவர் குனிந்து எடுத்து உதறிவிட்டால் அது துண்டு. இவ்வாய்வின் எல்லைக்குள் வருவது பின்னது மட்டுமே. திருப்பூரில் பனியன் வெட்டில் விழுபவை மூட்டை மூட்டையாக விலைபோய், மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் துடைக்கின்றன. அவற்றின் பெயரே வேஸ்ட் என்பதால் இங்கே அவை விலக்கப்படுகின்றன.

துண்டுக்குக் குறைந்தபட்ச அளவு உண்டா என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. கொக்கிப் பட்டிக்காவது காண வேண்டும் என்பது டெய்லர் மரபு. இரண்டு விரலால் பிடிக்க முடிந்தாலே போதும் என்பது எங்கள் பெரியம்மா மரபு. பெரியம்மாவின் துண்டுப் பைதான் பெரிது என்பதால் ஆய்வாளர் அவர் பக்கம் சாய்கிறார்.

துண்டு சேர்ப்பதை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்குவோர் நெசவை அறியாதவர்கள். பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுத்தால் துணி அவ்வளவாக அசைந்து கொடுக்காது. 45 பாகைக் குறுக்கில் இழுத்தால் நீண்டு கொடுக்கும். வட்டக் கழுத்துக்குப் பைப்பிங் வைக்க இந்த நெகிழ்வு வேண்டும். நேர்ப் பட்டியை வளைத்து வைத்தால் கழுத்தோரம் சுருக்கம் சுருக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆனால் கிராஸ் பீஸ் என்னும் குறுக்குப் பட்டி எடுப்பதற்காக முழுத் துணியின் நடுவே மூலைக்கு மூலை கத்தரி ஓட்ட யாருக்கு மனசு வரும்? கழுத்தும் கைக்குழியும் வெட்டும்போது விழுந்த கோணல் துண்டுகள் இங்கே கைகொடுக்கின்றன. அவற்றைக் குறுக்கில் பட்டிகளாக நறுக்கி, முனையோடு முனை சேர்த்துத் தைத்தால் கழுத்தைச் சுற்றி வந்துவிடும். எங்கே சேர்த்தது என்பது தைத்தவருக்கும், தேடிப் பார்க்கிற நாத்தனாருக்கும் மட்டுமே தெரியும்.

இனி ஒப்பியல் நோக்கு. பிரெஞ்சுச் சிற்பி ரோடின், பாரிஸை அடுத்த மெதோனில் இதே பழக்கத்தோடு வாழ்ந்தார். பிளாஸ்டரில் வார்த்த சின்னஞ்சிறு கைகள், கால்கள், தலைகள் எல்லாம் அவரிடம் இழுப்பறை இழுப்பறையாகக் கிடந்தன. ஒரு சிலைக்கென்று செய்த உறுப்பு வேறொரு சிலைக்குப் போகும். 1880இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ‘நரகத்தின் வாயில்’ 1917இல் அவர் இறக்கும்வரை வெண்கலத்தில் வார்க்கப்படவில்லை; ஆனால் அதிலிருந்து பிரித்தெடுத்த உருவங்கள் தனிச் சிலைகளாகி ஊர் உலகமெல்லாம் நிற்கின்றன. அதன் உச்சியில் உள்ள மூன்று நிழல்களும் ஒரே உருவம்தான், திசை மாற்றி நிறுத்தியது. 1908இல் இரண்டு கைகளை எதிரெதிரே நிறுத்தி ‘தேவாலயம்’ என்று பெயர் வைத்தார். உற்றுப் பாருங்கள், இரண்டும் வலக்கை. துணியின் நல்ல பக்கம் பார்க்காமல் இரண்டு வலக்கை வெட்டிவிட்ட டெய்லர் நம் ஊரிலும் உண்டு. அவருக்கு யாரும் அருங்காட்சியகம் திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினியின் முறை இன்னும் துணிச்சலானது. ரோமப் பேரரசர் ஒருவரைப் பற்றிய ஓபராவுக்காக 1813இல் எழுதிய முன்னிசையை, 1815இல் எலிசபெத் ராணியின் கதைக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டு மாட்டினார். 1816இல் அதுவே ‘செவில் நகர நாவிதன்’ என்னும் நகைச்சுவைக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்குக் கேட்பவர்கள் அது நாவிதனுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது என்று சத்தியம் செய்வார்கள்.

துண்டுகளை உண்மையிலேயே தீர்க்கத் தெரிந்தவர்கள் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்துச் சித்தி என்னும் சமூகத்துப் பெண்கள். பழந்துணித் துண்டுகளை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தோடு ஓடி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓட்டுத் தையலிட்டுக் கவந்தி என்னும் போர்வை செய்கிறார்கள். மூலைகளில் மடித்த முக்கோணத் துண்டை வைக்கிறார்கள். அதற்குப் பூ என்று பெயர். பயன் என்று கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் பூ இல்லாத கவந்தியை யாரும் முடிந்ததாக ஒப்புக்கொள்வதில்லை.

நம் வீடுகளில் நிலைமை வேறு. பெரியம்மா ஒரு மாம்பழ மஞ்சள் துண்டைப் பத்திரமாக வைத்திருந்தார். அரை முழம்கூட இல்லை. அதை வீணாக்கக் கூடாது என்பதற்காக, அதற்குப் பொருத்தமாக அரக்கு நிறத்தில் இரண்டு மீட்டர் வாங்கி, பேத்திக்குப் பாவாடை தைத்து, மஞ்சளைக் கரையாக வைத்தார். சிக்கனத்தின் செலவு இப்படித்தான் ஏறுகிறது. அதைவிட முக்கியமான விளைவு, அந்த அரக்குத் துணி வெட்டியபோது புதிய துண்டுகள் விழுந்தன. குனிந்து எடுத்தார். உள்ளே போனதைவிட வெளியே வந்தது எப்போதும் குறைவாகவே இருப்பதால் பை ஒருநாளும் சிறுக்காது. இதைப் பெரியம்மா விதி என்றே வழங்கலாம். தைக்கப்படாமலே வீடு வீடாகத் தாம்பூலத் தட்டில் சுற்றும் ஜாக்கெட் பிட்டுக்கும் இவ்விதி பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது. அதில் நெருங்கிய உறவினர்கள் சம்பந்தப்பட்டிருப்பதால் நிதானமாகச் செய்ய வேண்டும்.

எஞ்சியிருப்பது ஒரே ஒரு விவாதம். பை நிறைந்து கட்டிலுக்கடியில் போகாத நிலையில் துண்டுகளைத் தலையணைக்குள் திணிப்பது வழக்கம். இது மறுபயன்பாடு என்கிறார் பெரியம்மா. பையை வேறொரு பைக்குள் போட்டு ஓரம் தைத்ததுதான் நடந்தது என்கிறார் பெரியப்பா. அதில் தலைவைத்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டவர் என்பதால் அவர் சாட்சியத்தைத் தள்ள முடியாது. போன ஆடி மாதம் பேத்தியின் பாவாடைக் கரை ஓரிடத்தில் கிழிந்துவிட்டது. மஞ்சளில் இன்னொரு சிறு துணுக்கு எங்கே இருக்கிறது என்று பெரியம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தது. பெரியப்பாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலோடு தலையணையை நோக்கி நடந்தார்.