உட்காருங்கள், கூப்பிடுகிறோம்

அமெரிக்காவில் குடியேறிய தமிழர் வீட்டுத் தபால் பெட்டியில் இரண்டு உறைகளுக்கு மட்டும் தனி மரியாதை. ஒன்று வருமான வரித் துறையிலிருந்து வருவது. மற்றது கவுண்டி நீதிமன்றம் அனுப்பும் ஜூரி சம்மன். முன்னதை ஆடிட்டர் தலையில் கட்டிவிடலாம். பின்னதற்கு ஆள் மாற்ற முடியாது. உடம்போடு போய் உட்கார்ந்தே தீர வேண்டும்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமனாருக்கு மட்டும் இதில் குஷி. "ஏன் மாப்பிள்ளை, பாகவதரை உள்ளே தள்ளினாங்களே, அந்த ஜூரியா?" என்பார். அதேதான். 1944 லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சினிமா நட்சத்திரங்களான எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்று சொன்னது சென்னை உயர் நீதிமன்றத்தின் ஜூரி. 1947இல் அவர்கள் வெளியே வந்தார்கள். குற்ற வழக்குகளில் ஜூரி முறை இந்தியாவை விட்டுப் போய்விட்டது. 1973ஆம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. எனவே மாமனாருக்குத் தெரிந்த ஜூரி சூப்பர் ஸ்டாரை ஜெயிலுக்கு அனுப்பிய ஜூரி. மாப்பிள்ளைக்கு வாய்க்கப் போவதோ காபி மெஷினில் மாட்டிக்கொண்ட டாலர் நோட்டைப் பிடித்து இழுக்கும் ஜூரி.

யாரைக் கூப்பிடுவது என்பதில் அரசாங்கத்துக்குப் பாரபட்சம் கிடையாது. வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமப் பட்டியல் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் குலுக்குகிறார்கள். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கும் சம்மன் வந்து வயிற்றைக் கலக்குவது இதனால்தான். 'குடிமகன் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்து, கேட்டால் சான்றும் காட்டினால் அவர் தப்பிவிடலாம். சின்னக் கொடியைக் கையில் பிடித்துக் குடியுரிமைப் படம் எடுத்துக்கொண்டவர்தான் வசமாக மாட்டுவார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நகரங்கள் வருஷா வருஷம் எடுக்கும் கணக்கெடுப்பிலிருந்து ஜூரிப் பெயர்கள் வருகின்றன. பாஸ்டனில் ஒரு குடும்பம் அந்தப் படிவத்தில் வளர்ப்புப் பிராணிகள் பகுதியில் பூனையின் பெயரையும் எழுதி வைக்க, 2011இல் பூனைக்குச் சம்மன் வந்தது. 'இவருக்கு ஆங்கிலம் பேசவோ புரிந்துகொள்ளவோ தெரியாது' என்று விலக்குக் கேட்டு எழுதினார்கள். முதல் சுற்றில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

பூனைக்காவது சட்டம் தெரியாது. இங்கிலாந்தில் கீத் கட்லர் என்ற நீதிபதிக்கு, சாலிஸ்பரியில் அவரே விசாரிக்கவிருந்த வழக்குக்கு ஜூரியாக வரும்படி அழைப்பு போனது. 'நான்தான் நீதிபதி, கட்டு முழுக்கப் படித்துவிட்டேன், நான் வருவது சரியாக இருக்காது' என்று எழுதினார். விலக்கு மறுக்கப்படுகிறது, வேண்டுமானால் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியிடம் முறையிடலாம் என்று பதில் வந்தது. தலைமை நீதிபதியும் அவர்தான். தமக்குத் தாமே மனுப் போட்டுக்கொள்ளும் பாக்கியம் வாய்க்கும் முன் அலுவலகம் விழித்துக்கொண்டு தொலைபேசியில் தவறை ஒப்புக்கொண்டது.

நியூயார்க் மாநிலத்தில் ஒரு காலத்தில் டாக்டர், வக்கீல், போலீஸ்காரர், பாதிரியார் என்று பெரிய வரிசைக்கே விலக்கு இருந்தது. பிரேதத்தைப் பதப்படுத்துகிறவர்களுக்குக்கூட உண்டு. அவர்களுடைய வேலைதான் காத்திருக்காது போலும். தலைமை நீதிபதி ஜூடித் கே காலத்தில், 1996இல் இந்தத் தொழில்முறை விலக்குகள் மொத்தமாக ஒழிந்தன. மூன்று வருஷம் கழித்து நியூயார்க் நகர மேயர் ரூடி ஜூலியானியே ஜூரிப் பெட்டியில் உட்கார்ந்தார். குளியலறை ஷவரில் வெந்நீர் கொட்டிப் படக்கூடாத இடத்தில் பட்டுவிட்டது என்று ஒருவர் கட்டட உரிமையாளர் மேல் போட்ட வழக்கு அது. நகரத்தின் தண்ணீர், சாக்கடை, போலீஸ் எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் ஜூரித் தலைவராக இருந்து, வெந்நீருக்குக் கட்டட உரிமையாளர் பொறுப்பில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

சரி, உள்ளே போவோம். காலை எட்டரைக்குள் வரச் சொல்லியிருப்பார்கள். பெல்ட்டைக் கழற்றி, சாவிக்கொத்தைத் தட்டில் போட்டு, உலோகச் சோதனையைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்காக ஸ்வெட்டர் பின்னலாம் என்று வந்த பாட்டியம்மாவின் ஊசியைப் பல நீதிமன்றங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஜூரிக் கூடத்தில் வரிசை வரிசையாக நாற்காலிகள். சுவரில் சத்தம் குறைத்த டிவி. மூலையில் மேஜை மேல் யாரோ ஆரம்பித்து வைத்துப் போன படத்துண்டுப் புதிர். ஓரங்களை மட்டும் சேர்த்திருக்கிறார்கள், நடுவில் வானம் முழுக்க நீலம், எந்தத் துண்டு எங்கே போகும் என்று ஒருவருக்கும் புலப்படாது. பதினொரு மணிக்கு, காலையில் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்காத நாலு பேர் அதைச் சுற்றி நின்று ஒரே துண்டுக்குப் போட்டி போடுவார்கள். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தவர் மட்டும் சிற்றுண்டிக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்.

முதலில் ஒரு படம் போடுவார்கள். நியூயார்க்கில் பல வருஷம் ஓடிய படத்தில் எட் பிராட்லி, டயான் சாயர் என்ற இரண்டு தொலைக்காட்சிப் பிரபலங்கள் ஜூரியின் மகிமையை விளக்கினார்கள். அதன் தொடக்கக் காட்சியில் இடைக்கால ஐரோப்பியக் கிராமத்தார் ஒருவனைக் கட்டித் தூக்கித் தண்ணீரில் போடுகிறார்கள். குற்றவாளியா இல்லையா என்று தண்ணீர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக்கு இந்தக் காலம் எவ்வளவோ தேவலை என்பது படத்தின் கருத்து. மதியம் மூன்று மணி சுமாருக்குக் கூடத்தில் இருப்பவர்களிடம் வாக்கெடுத்தால் முடிவு எப்படி வரும் என்று சொல்வதற்கில்லை. தண்ணீரில் போட்டாலாவது சட்டென்று முடிந்துவிடும்.

பிறகு பெயர் கூப்பிடும் படலம். ஸ்மித், ஜான்சன், கார்சியா என்று கிளார்க் மைக்கில் சரளமாகப் போய்க்கொண்டே இருப்பார். திடீரென்று ஒரு மௌனம் விழும். தாள் சலசலக்கும். அந்த மௌனம் தன்னுடைய பெயர்தான் என்று தமிழருக்கு உடனே தெரிந்துவிடும்; முதல் எழுத்தை அவர் உச்சரிக்கும் முன்பே எழுந்து நின்று கையைத் தூக்குவார். இதில் இன்னொரு சங்கடம். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராகப் போயிருக்கும். ஆகவே அமெரிக்க நீதி நாள் முழுக்க வெங்கடசுப்பிரமணியத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவரோ கும்பகோணத்தில் திண்ணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்.

பெயர் கூப்பிட்டால் நீதிமன்ற அறைக்குப் போகலாம். கூப்பிடாதவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலோர் கூப்பிடாதவர்கள். ஏன் இத்தனை பேரை வரவழைத்துச் சும்மா உட்கார வைக்கிறார்கள் என்று முணுமுணுக்காத ஆள் அந்தக் கூடத்தில் கிடையாது. பதில் மேல்மாடியில் நடக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012இல் ஒரு தீர்ப்பில் எடுத்துச் சொன்ன கணக்குப்படி, மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுகிறவர்களில் 97 சதவீதம் பேரும், மாநில நீதிமன்றங்களில் 94 சதவீதம் பேரும் விசாரணை இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள். நஷ்டஈட்டு வழக்குகளிலும் சமரசமே அதிகம். மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்களுக்கு, கீழே கூடம் நிறைய ஜூரி வந்து காத்திருக்கிறது என்று தெரிந்த காலையில்தான் திடீரென்று ஞானோதயம் பிறக்கும். முகம் தெரியாத பன்னிரண்டு பேரிடம் தலையைக் கொடுப்பதைவிடக் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போவது மேல் என்று கை குலுக்குவார்கள். கீழே நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பவரும் அந்தச் சமரசத்தில் ஒரு பங்குதாரர். யாரும் வந்து எழுப்பி நன்றி சொல்லாததால் அவருக்கு விஷயம் தெரியாது.

இந்தக் காத்திருப்பை சினிமா கண்டுகொள்வதே இல்லை. '12 ஆங்ரி மென்' கதையை எழுதிய ரெஜினால்ட் ரோஸ், நியூயார்க்கில் தாமே ஜூரியாக இருந்த அனுபவத்தில்தான் எழுதினார். 1957இல் வந்த படத்தில் பன்னிரண்டு பேர் ஒரு புழுக்கமான அறையில் வேர்த்து விறுவிறுத்துச் சண்டை போடுகிறார்கள். அந்த அறைக்குள் போகும் பாக்கியத்துக்காக அவர்கள் கீழே எத்தனை மணி நேரம் கொட்டாவி விட்டார்கள் என்பது படத்தில் இல்லை.

பெரிய மனிதர்களும் இதற்கு விலக்கில்லை; காத்திருந்து திரும்பியவர்களின் பட்டியல் நீளம். 2015 ஆகஸ்டில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் டல்லாஸிலும், டொனால்ட் டிரம்ப் மன்ஹாட்டனிலும் போய் உட்கார்ந்தார்கள். இருவரையும் எந்த வழக்குக்கும் எடுக்கவில்லை. மறு வருஷம் எம்டிவி விருது விழாவுக்குப் போகாத டெய்லர் ஸ்விஃப்ட் மறுநாள் நாஷ்வில் நீதிமன்றத்தில் சக ஜூரிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார். 2017இல் பராக் ஒபாமா சிகாகோவில் வந்து எல்லோருக்கும் கை கொடுத்தார். அவரும் வேண்டாம் என்று அனுப்பப்பட்டார். அவருக்குச் சேர வேண்டிய கூலி 17 டாலர் 20 சென்ட்.

கூலி விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஒரு தினுசு. கலிபோர்னியாவின் வழக்கமான விகிதப்படி முதல் நாளுக்கு ஒன்றும் கிடையாது, இரண்டாம் நாள் முதல் 15 டாலர். நியூயார்க்கில் 1998 முதல் 40 டாலராகவே நின்ற தொகை 2025 ஜூனில் 72 ஆயிற்று. மன்ஹாட்டனில் காரை நிறுத்திவிட்டு வந்தவரிடம் இந்த உயர்வைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கடைசியில் ஒரு குழுவை மேலே கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடப்பது சாட்சாத் பெண் பார்க்கும் படலம். என்ன வேலை? வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? உறவில் போலீஸ் உண்டா, வக்கீல் உண்டா? டிவியில் என்ன பார்ப்பீர்கள்? காரின் பின்னால் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இரு தரப்பு வக்கீல்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்களைக் காரணமே சொல்லாமல் கழித்துக்கட்டும் உரிமை உண்டு. இனத்தைக் காரணமாக வைத்துக் கழிக்கக் கூடாது என்று 1986இல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது; மூக்கு பிடிக்கவில்லை என்பதற்குத் தடையில்லை. இன்ஜினீயர்கள் என்றால் வக்கீல்களுக்கு ஆகாது, துருவிக் கேள்வி கேட்பார்கள் என்று தமிழர் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் நம் ஆள் காலையிலிருந்தே 'நான் சாஃப்ட்வேர்' என்று சொல்லத் தயாராக வந்திருப்பார். சொல்வார். வக்கீலும் தலையை ஆட்டி, நீதிபதியைப் பார்த்து, 'எட்டாம் எண் போகலாம், நன்றி' என்பார்.

அங்கேதான் வேடிக்கை. எட்டரை மணியிலிருந்து எப்படா விடுவார்கள் என்று தவம் கிடந்த மனிதருக்கு முகம் சுண்டிப்போகும். என்னிடம் என்ன குறை? நடுநிலை இல்லாதவன் போலவா இருக்கிறேன்? கல்லூரி நாட்களில் கேம்பஸ் இன்டர்வியூவில் கழித்ததற்குக்கூட இவ்வளவு புழுங்கியிருக்க மாட்டார். ஒன்பதாம் எண்ணைத் தேர்ந்தெடுத்ததுதான் ஆறவே ஆறாது. காலையில் இருந்து வாயில் சூயிங்கம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

உபசாரம் போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் லண்டன் ஓல்ட் பெய்லியில் 1670இல் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் மீதான வழக்கு. நீதிபதிகள் எதிர்பார்த்த தீர்ப்பை ஜூரி தரவில்லை. தரும்வரை சோறு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் கிடையாது என்று பூட்டி வைத்தார்கள். இரண்டு இரவு கடந்தும் அவர்கள் மசியவில்லை. ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள். ஜூரிகளில் ஒருவரான எட்வர்ட் புஷல் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்ற சட்டம் அவர் வழக்கில் நிலைபெற்றது. அந்த ஜூரிக்குக் கழிப்பறை வசதியும் தரவில்லை என்பது தெரிந்தால், காபி மெஷின் விழுங்கிய டாலரை மறந்துவிடலாம்.

நாலரைக்கு ஒரு கிளார்க் வந்து எல்லோரும் போகலாம் என்பார். கைதட்டல் எழும். ஆளுக்கு ஒரு சான்றிதழ். நியூயார்க் என்றால் பொதுவாக ஆறு வருஷத்துக்குத் தொல்லை இல்லை. செக் தபாலில் வரும். ஜூரிக் கூலி வருமானம். அமெரிக்க வரிப் படிவத்தின் ஷெட்யூல் 1இல் அதற்கென்றே 8எச் என்று தனி இடம் இருக்கிறது. அன்றைக்குச் சம்பளம் பிடிக்காத கம்பெனி, அந்தக் காசை எங்களிடம் கட்டு என்று கேட்பதுண்டு. கட்டினாலும் வரித் துறை விடாது. முதலில் 8எச்சில் வருமானமாகக் காட்டி, பிறகு 24ஏயில் கழித்துக்கொள்ள வேண்டும்.